மற்றொரு கையின் வளை

மழை ஓய்ந்த மாலைப்பொழுதில், கூரை விளிம்புகள் எஞ்சிய நீரைத் துளிதுளியாய்ச் சிந்த, கடைவிளக்குகள் ஈரத்தெருவில் உருகிய பொன்போல் நெளிந்து கிடக்க, மாடிவீடுகள் ஒன்றன் தோளில் ஒன்று சாய்ந்து நின்ற அந்நெடுந்தெருவின் கோடியில், பழைய நகைகளுக்கு விலைமதிக்கும் பெரியவர் ஒருவர், உருப்பெருக்கியும் உரைகல்லும் அடங்கிய பையோடு ஒரு வீட்டின் படியேறினார். தலைமுறைகள் கண்ட வளையொன்றை மதிப்பிட அவரை அழைத்திருந்தவர்கள் அவ்வீட்டு அண்ணனும் தங்கையும்.

வளை மேசைமேல் கிடந்தது. வெளிப்புறம் எளிய பொன். உட்புறமோ, அணிந்தவளின் தோல் மட்டுமே அறியும்படி, மயில்நீலமும் மாதுளைச்சிவப்புமாய் வண்ணக்கண்ணாடி உருக்கிப் பதித்த பூங்கொடி. அக்கொடியின் நட்டநடுவே புதிதாய் ஒரு வெட்டு. இடுக்கில் குருதி இன்னும் காயவில்லை.

"யாரோடது இது?"

"எங்கம்மாவோடது. கை வீங்கிப்போச்சு, கழட்ட வரல. வெட்டிட்டோம்," என்றான் அண்ணன், நகம் வெட்டியதைச் சொல்பவன்போல்.

"அவங்க இப்ப...?"

"உள்ளதான் படுத்திருக்காங்க. பேச்சு நின்னுபோச்சு. இனி எதுக்கு அவங்களுக்கு?"

"உள்வேலைக்குத்தான் மதிப்பே. அதையே வெட்டிட்டீங்க. இப்ப இது வெறும் தங்கம்."

"அடடா, உங்களைக் கேட்டுட்டு வெட்டியிருக்கலாம்," என்றான் அண்ணன்.

"சோப்பு போடலாம்னு தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன். கேட்டியா, அவசரக்குடுக்கை?" என்று சீறிய தங்கை, மறுகணமே முகம் மலர்ந்தாள். "சரி விடு. இன்னொரு கையில ஜோடி இருக்கே. அதைப் பதமாக் கழட்டிக்கலாம்."

புழுநெளியும் கனியைக் கடித்தவர்போல் பெரியவர் துணுக்குற்றார். வேலைப்பாடு கெடாத ஒற்றை வளையையும் போட்டியிட்டு வாங்குவோர் உண்டென்பதை நன்கறிந்திருந்தும், தம் தொழிலில் முதன்முறையாகப் பொய்யுரைத்தார்.

"ஜோடி உடைஞ்சா ஒத்தைக்கு விலையே இல்லம்மா. அது அந்தக் கையிலயே கிடக்கட்டும்."

கூலி பெறாமல், வெட்டுண்ட வளையைத் தொட்ட விரல்களைத் தோள்துண்டில் மீண்டும் மீண்டும் துடைத்தபடி அவர் வெளியேறுகையில், பாதி திறந்த கதவுக்கு அப்பால் அத்தாயைக் கண்டார். ஒரு கையில் துணிக்கட்டு. விழிகள் அவர் முகத்தை நோக்கவில்லை, பையை நோக்கின. வளையணிந்த மற்றொரு கையை அவள் மெல்ல, மிக மெல்லப் போர்வைக்குள் இழுத்து மறைத்துக்கொண்டாள்.

அவர் சொன்னது தன்னைக் காக்க வந்த பொய்யென்று அவளுக்கு எவர் சொல்வார்? உயிர் பிரியுமுன்னே வட்டமிடும் கழுகுகளுள் நல்லதொன்றும் உண்டோவெனப் பிரித்தறிய, கீழே கிடப்பவர்க்குப் பொழுது ஏது?