ஏந்திய கை

றாஹிலாவுக்கு அன்றைக்குச் சபையில் ஒரே ஒரு கதைதான் கதைக்க இருந்தது: "கல்ல என்ட வளவோட நிப்பாட்டிப் போடாதீங்க."

கடலரிப்பைத் தடுக்கப் போடும் கல்லணை எங்கே முடிகிறதோ அங்கே கடல் திரும்பிக் கடிக்கும் என்பது கடற்கரை வீதியில் கோழிக்கும் தெரியும். இஞ்சினியரும் ஆற்றுவாய் வரைக்கும் போடச் சொல்லித்தான் எழுதினாராம். வந்ததோ பாதி நிதி. அந்தப் பாதி, வரைபடத்திலேயே எம்.பி.யின் இணைப்பாளர் முனாஸின் கல்யாண மண்டபத்தைக் காத்துவிட்டு, றாஹிலாவின் வேலியோடு களைத்துப் போனது.

மக்கள் கருத்துக் கேட்கும் கூட்டமும் அதே மண்டபத்தில்தான். பெருநாள் அபாயாவை உடுத்து வந்த றாஹிலா இரண்டு தரம் எழும்பினாள்.

"இரிங்க ராத்தா. மௌலவி துஆ ஓதட்டும். பொறகு நீங்கதான் முதல்ல," என்றான் முனாஸ்.

இந்த வேலையை லேசாக்கித் தா றப்பே என்று மௌலவி இறைவனிடம் கேட்டார். தன் வீட்டையும் நினைத்து, எல்லாரையும் விட உயரமாகக் கையேந்தினாள் றாஹிலா. அவளுடைய ஆமீன் றோட்டுக்குக் கேட்டது. முனாஸின் ஆள் படம் எடுத்தான். உடனே புரியாணிப் பொதி வந்தது, சபையும் கலைந்தது.

மாரியில் அவளுடைய குசினியை அடுப்போடு கடல் கொண்டு போனது. கந்தோருக்கு ஓடினாள். அதிகாரி கணினியைத் திருப்பிக் காட்டினார்.

"இது நீங்கதானே? இந்தத் திட்டத்துக்கு எல்லாரும் கையத் தூக்கி ஓம் எண்டிருக்கிறீங்க."

"அது அல்லாஹ்கிட்ட ஏந்தின கை மனே!"

"படத்தில கைதானே தெரியிது."

அடுத்த கூட்டம், கடல் வீட்டில் கை வைத்தவர்களுக்கு வயல் பக்கம் காணி கொடுப்பதைப் பற்றி. இம்முறை துஆ தொடங்கியதுமே றாஹிலா இரண்டு கைகளையும் அபாயாவுக்குள் இறுக்கிக் கொண்டாள்.

"என்னகா, கூட்டுத் துஆ கூடாதெண்டு நீயும் தவ்ஹீத் கூட்டத்துக்கு மாறிட்டியா?" என்று அடுத்த வளவு ஸம்ஸியா விலாவில் இடித்தாள். சுற்றியிருந்த பெண்கள் சிரித்தார்கள். கெமரா மின்னியது.

காணி கிடைத்தவர்களில் றாஹிலா இல்லை. அடுத்த கூட்டத்துக்கு நேரத்தோடே வந்து, மண்டப வாசலில் முனாஸை மறித்தாள்.

"என்னச் சொல்லி என்ன ராத்தா? அண்டைக்கு நீங்கதானே கையத் தூக்கல்ல," என்றான் அவன், மெத்தக் கவலையோடு.

"இப்பத் தூக்குறன், பாத்துக்க!"

வாசலிலேயே வானத்தைப் பார்த்து இரண்டு கைகளையும் ஏந்தினாள். "றப்பே, இவன்ட மண்டபத்தையும் கடலுக்குக் குடு!"

ஆமீன் சொல்ல ஊரே பக்கத்தில் நின்றது. ஆனால் இம்முறை புரியாணிப் பொதியை முதலிலேயே கொடுக்கத் தொடங்கியிருந்தார்கள். ஒருவருடைய கையும் சும்மா இல்லை.