வெயிலில் வைத்த பனிப்பாறை

"உலகத்துல கலப்படம் பண்ணவே முடியாதது ஒண்ணுதான். உருகுன பனித்தண்ணி," என்று கேன்டீனில் முருகேஷ் அறிவித்தான். யாரும் கேட்டிருக்கவில்லை.

முருகேஷ், தேவிப்பிரியா, நான், எங்கள் மூவருக்கும் வந்த கெமிஸ்ட்ரி புராஜெக்ட், 'பூமி சூடாவதால் பனிப்பாறை உருகுநீரின் வேதியியலில் வரும் மாற்றம்'. தர்மபுரி மாவட்டத்தில் பனிப்பாறை கிடையாது என்பதை எச்ஓடி ஒரு குறையாக நினைக்கவில்லை. காரிமங்கலம் பக்கம் கிரானைட் தூளை அள்ளி, பெரிய ஐஸ் கட்டியோடு டவுன் பஸ் ஏறினேன். கண்டக்டர் லக்கேஜ் போட்டார். இறங்கும்போது பாதி பஸ்ஸிலேயே தங்கிவிட்டது. இத்தனை வேகமாகப் பின்வாங்கிய பனிப்பாறை உலகில் வேறில்லை.

மீதியை உடைத்து, இரண்டு டப்பில் கல்தூளின் மேல் வைத்தோம். ஒரு டப் நிழலில், தேவிப்பிரியா பொறுப்பு. இன்னொன்று மொட்டைமாடி வெயிலில், முருகேஷ் பொறுப்பு. உருகிய தண்ணீரில் எவ்வளவு கரைந்திருக்கிறது என்று ஒரு வாரம் தினமும் அளக்க வேண்டும். இதில் பாஸானால்தான் ஓசூர் கம்பெனி ஜூன் மாதம் முருகேஷை வேலைக்கு எடுக்கும்.

தேவிப்பிரியாவிடம் பேனா மாதிரி ஒரு டிடிஎஸ் மீட்டர் உண்டு. தண்ணீரில் எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்று எண்ணாகக் காட்டும். அதை முக்காமல் எதையும் குடிக்கமாட்டாள்.

"தீர்த்தமலைக் கோயில் தீர்த்தத்துலயே வுட்டுப் பாத்தவ," என்றான் முருகேஷ். "சாமிக்கே செக்கிங்."

"பனி பின்வாங்குனா, மூடிக் கெடந்த பாறை காத்துல படும்டா. அதுல இருக்கிற கந்தகம் அமிலமாயி, நிக்கல், மாங்கனீசெல்லாம் கழட்டித் தண்ணியில வுடும்," என்றாள் தேவிப்பிரியா.

"ஐஸ்ல எங்க கந்தகம்?"

"ஐஸ்ல இல்ல. அடியில இருக்கிற கல்லுல."

அவன் மாடிக்கே போகவில்லை. ஏழு நாளுக்கும் சைபர் என்று ரெக்கார்டில் எழுதிவிட்டான். கையெழுத்து மட்டும் அழகாக இருந்தது.

வைவாவுக்கு வெளியூரிலிருந்து வந்த லூர்துமேரி மேடம் ரெக்கார்டைப் புரட்டினார். "நிழல்ல தொண்ணூறு. வெயில்ல சைபர். எப்படிப்பா?"

"உருகுன பனிங்க மேடம். அதவிடச் சுத்தம் இல்லீங்க."

"அப்படியா. அந்தத் தண்ணி ஒரு டம்ளர் கொண்டாந்து குடி. பாஸ் போட்டுடறேன்."

"குடிக்கிறேங்க," என்று மாடிக்குப் போனான். கொண்டுவந்தது சுண்ணாம்பு கரைத்த மாதிரி இருந்தது. டம்ளரைப் பார்த்தான். எங்களைப் பார்த்தான். மேடம் பேனா மூடியைக் கழற்றி, மார்க் ஷீட்டில் அவன் நம்பரைத் தேட ஆரம்பித்தார்.

முருகேஷ் எங்கள் பக்கம் திரும்பாமலே தேவிப்பிரியாவின் பென்சில் பாக்ஸைத் திறந்தான். மீட்டரை எடுத்து டம்ளருக்குள் விட்டு, எண் ஏறி நிற்கும்வரை காத்திருந்தான்.