பாதி ஜெபம்

காலை இட்லிக்கு முன் ஜெபத்தைச் சொல்லி ஆமென் என்று முடித்தபோது இக்னேஷியஸின் கண் தானாக மேசைக்கு அடியில் போயிற்று. டோபி இல்லை. நேற்று மதியம் ஏலகிரியில் காணாமல் போன நாய் மந்தைவெளி வீட்டு மேசைக்கு அடியில் எப்படி இருக்கும்? ஆனால் அந்தக் காலியிடத்தைப் பார்த்ததும் அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. ஒரு வாய்கூட வைக்காமல் எழுந்துவிட்டார்.

எல்லாம் மகள் டீனா செய்த வேலை. வீட்டில் யார் ஜெபம் தொடங்கினாலும் டோபி உட்கார வேண்டும். ஆமென் காதில் விழும்வரை அசையக் கூடாது, எதிரே கறியே இருந்தாலும். வருகிறவர்களிடமெல்லாம் இதைக் காட்டி அலட்டிக்கொள்வாள். கோயிலில் பாதிப் பேருக்கு இந்த அடக்கம் கிடையாது என்று பங்குச் சாமியாரே ஒருமுறை சிரித்தார். டெங்கு வந்து ஐந்தே நாளில் டீனா போய் எட்டு மாதமாகிறது. அவள் விட்டுப்போனதில் உயிருள்ளது அந்த நாய் ஒன்றுதான்.

நேற்று அவள் பிறந்தநாள். வீட்டில் இருக்க முடியாமல்தான் மலைக்குப் போனார்கள். ஆளில்லாத ஒற்றையடிப் பாதை. ஓடட்டும் பாவம் என்று சங்கிலியைக் கழற்றிவிட்டார் இக்னேஷியஸ். மேலே, பாறைக் குடைவில் மாதா சிலை வைத்த ஒரு சின்ன கெபி. அதன் முன் நின்று அவர் மனைவி லூயிசா அருள் நிறைந்த மரியே சொல்ல ஆரம்பித்தாள். இறப்பின் வேளை என்று வருகிற இடத்தில் ஜெபம் நின்றுபோயிற்று. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு விறுவிறுவென்று இறங்கிவிட்டாள். அவர் அவள் பின்னாலேயே ஓடினார். நாய் எப்போதும்போல் முன்னால் ஓடியிருக்கும் என்று நினைத்து, இருட்டும்வரை இருவரும் அடிவாரத்திலேயே தேடினார்கள்.

"லூயிசா, நேத்து நீ ஆமென் சொல்லல."

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"நீங்களும்தான் சொல்லல," என்றாள்.

தான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லக்கூட அவருக்குத் தோன்றவில்லை. காரை எடுத்தார். லூயிசா குடையோடு வந்து ஏறிக்கொண்டாள். ஆம்பூர் தாண்டியதிலிருந்து மழை. மலைமேல் காரை நிறுத்தியபோதுதான் மழை விட்டது. ஒவ்வொரு திருப்பத்திலும் அவர் டோபி, டோபி என்று கூப்பிட்டுக்கொண்டே ஏறினார். முட்டி வலியுள்ள லூயிசா குடையை ஊன்றிக்கொண்டு அவருக்கு முன்னால் போனாள்.

கெபியைச் சுற்றிப் பாறை முழுவதும் நனைந்து கறுத்திருந்தது. மாதாவுக்கு நேர் எதிரே மட்டும், ஒரு நாய் சுருண்டு படுக்கிற அளவுக்கு, காய்ந்து வெளுத்த இடம். அதில் டோபியின் பழுப்பு முடிகள் நாலைந்து. மழை முடியும்வரை இருந்துவிட்டு இப்போதுதான் எழுந்து போயிருக்கிறது. எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. இக்னேஷியஸ் சரிவுப் பக்கம் திரும்பி, குரல் கம்மும்வரை கூப்பிட்டார்.

மறுபடியும் தூறத் தொடங்கியது. லூயிசா குடையை விரித்தாள். தன் தலைக்குப் பிடிக்கவில்லை. வலிக்கிற முட்டியை மடக்கி உட்கார்ந்து, அந்தக் காய்ந்த இடத்தின்மேல் ஒரு சொட்டும் விழாதபடி பிடித்துக்கொண்டாள்.