தூண்டிற்கோலில் யார் கை

1.

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. டோர்செட் பார்க் என்ற பகுதியில் நாங்கள் குடியிருக்கும் கட்டடத்தின் நிலவறையில், சலவை இயந்திரம் நிற்பதற்காகக் காத்திருந்தபோது, ஒருகாலத்தில் ஆசிரியையாக இருந்த என்னிடம் குணவதி சொன்னார். அதே வாரம், கென்னடி வீதியில் பச்சை விளக்குக்காக நின்ற காருக்குள் அவருடைய கணவர் தில்லையம்பலமும் அதையே சொன்னார். முடிவைத் தவிர மற்ற எல்லாம் பொருந்தின. ஒரே படகில், ஒரே மீனுக்கு முன்னால், கைக்கெட்டும் தூரத்தில் இருந்த இருவரிடம் இரண்டு முடிவுகள் இருப்பதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. ஒழுங்குபடுத்திவிடலாம் என்று எழுத உட்கார்ந்தேன்.

2.

முதலாம் தொடக்கம்: "பசிபிக் பெருங்கடல் நீலமாக விரிந்து…" [நிறுத்தினேன். கடல் நீலம் என்று சொல்வதற்கு ஒரு கதை தேவையில்லை.]

இரண்டாம் தொடக்கம்: "தில்லையம்பலம் தம் மனைவியை எதையும் செய்ய விடாத மனிதர்." [வாக்கியத்தில் பிழையில்லை. ஆனால் அது ஒரு கொடியவரை அறிமுகப்படுத்துகிறது. அவர் கொடியவர் அல்லர். குணவதி ஊறுகாய்ப் போத்தலை எடுக்கப் போகிறார் என்று தெரிந்தால் முன்னதாகவே மூடியைத் திறந்து வைத்துவிடுவார். எங்கே வலிக்கிறது என்று மருத்துவர் குணவதியைக் கேட்டால், "இடது முழங்கால், படி இறங்கேக்கை" என்று தில்லையம்பலமே சொல்வார். சரியாகவும் சொல்வார். மருத்துவருக்கும் அது வசதியாகப் போய்விட்டது.]

மூன்றாம் தொடக்கத்தை வைத்துக்கொள்கிறேன்:

குணவதிக்கு ஒரு மீன் வேண்டியிருந்தது. உண்பதற்கு அன்று, அது கடையில் கிடைக்கும். தொடக்கம் முதல் முடிவுவரை வேறெவர் கையும் படாமல், தாமே பிடித்த மீன்.

3.

பெற்றோரின் நாற்பதாவது திருமண நாளுக்கு, மார்க்கம் நகரில் வசிக்கும் மகன் மிதுனன், ஹவாய்க்குப் பயணச்சீட்டும் அங்கே ஒரு நாளுக்குச் சிறிய மீன்பிடிப் படகொன்றும் ஏற்பாடு செய்தான். அப்பா மீன் பிடிக்கட்டும், அம்மா கடலைப் பார்க்கட்டும் என்பது அவன் திட்டம். அம்மாவோ அதற்கு முந்திய மாதம் முழுவதும் கைப்பேசியில் வேறொன்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்: படகின் பின்புறத்தில் பூட்டிய பெரிய கதிரையில் உட்கார்ந்து, இடுப்பில் வாருடன், தம் வயதுடைய ஒரு வெள்ளைக்காரப் பெண் தம்மைவிடப் பெரிய மீனை இழுத்துக்கொண்டிருந்ததை. எவருக்கும் அதைச் சொல்லவில்லை.

படகோட்டி கீத், வெயிலில் கறுத்த, சிரிக்காத மனிதர். கதிரை ஒன்றுதான் என்பதால் துறையிலேயே நாணயம் சுண்டினார். விதியையும் விளக்கினார். கதிரையில் இருப்பவரே மீனைக் கொண்டுவர வேண்டும். மற்றவர் கதிரையைத் திருப்பலாம், தலையில் தண்ணீர் ஊற்றலாம். தூண்டிற்கோலையோ நூலைச் சுற்றும் சுழலியையோ நூலையோ இன்னொரு கை தொட்டால், அது பிடித்தவருடைய மீனாகாது.

நாணயம் தில்லையம்பலத்தின் பக்கம் விழுந்தது. "நல்லது," என்று குணவதி சொல்லிவிட்டு, சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து அதில் ஒன்றையும் எடுக்காமல் மூடினார்.

4.

புறப்படுமுன் தில்லையம்பலம் பையிலிருந்து சிறிய பிள்ளையார் படமொன்றை எடுத்து, ஐஸ் பெட்டியின் மேல் வைத்தார். அதன் முன்னே ஒரு சீப்பு வாழைப்பழம். பழமொன்றில் இரண்டு ஊதுபத்திகளைக் குத்திக் கொளுத்தினார். கார் வாங்கினாலும் வீடு மாறினாலும் நம்மவர் செய்வதுதான்.

கீத் திரும்பிப் பார்த்தார். எரிபொருள் தாங்கிக்கு அருகே நெருப்பு. நெருப்புக்குக் கீழே வாழைப்பழம். எதற்கு முதலில் பதறுவது என்று ஒரு கணம் அவருக்கே தெரியவில்லை. பின்னர் சீப்பை ஊதுபத்தியோடு தூக்கிக் கடலில் எறிந்தார்.

"குணம், பிள்ளையாற்றை பழத்தை எறிஞ்சிட்டான்," என்றார் தில்லையம்பலம் மனைவியிடம்.

"வாழைப்பழம் ஏத்தின படகுக்கு மீன் வராதாம். அவற்றை நம்பிக்கை அவருக்கு."

"அதுக்கு எறியிறதோ? சொல்லியிருந்தால் சாப்பிட்டு முடிச்சிருப்பன்."

"வயித்துக்கை கிடந்தாலும் படகிலைதானே கிடக்கும்."

தில்லையம்பலத்தின் முகம் மாறியது. குரலைத் தாழ்த்தினார். "விடிய ஹோட்டல்லை ரண்டு சாப்பிட்டனான். அவனுக்குச் சொல்லிப்போடாதையும்."

[அடிக்குறிப்பாக வரவேண்டியது: அக்கடலின் படகோட்டிகள் பலரிடம் இந்த நம்பிக்கை உண்டு. காரணம் கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள். ஊதுபத்தியை வாழைப்பழத்தில் ஏன் குத்துகிறோம் என்று எவரேனும் கேட்டால் நாமும் அப்படித்தான்.]

5.

நண்பகல்வரை ஒரு மீனும் கடிக்கவில்லை. கதிரையில் இருந்த தில்லையம்பலம் சிறிது சிறிதாகக் கூனிப்போனார். கடைசியில் இடுப்பு வாரைக் கழற்றினார்.

"நீர் இரும், குணம். என்ரை வயித்துக்கை வாழைப்பழம் கிடக்கு. எனக்கு வராது."

அவர் சொல்லி முடிக்குமுன் குணவதி செருப்பைக் கழற்றிவிட்டுக் கதிரையில் ஏறியிருந்தார்.

[இவ்விடத்தில் "அவர் உள்ளம் மகிழ்ச்சியால்" என்று தொடங்கி நிறுத்தினேன். மகிழ்ச்சி மட்டும் அன்று. கேட்காமலே கதிரை கிடைத்தது. ஆனால் கணவர் தந்ததால் கிடைத்தது. இதையும் அவரே திறந்து வைத்துவிட்டார்.]

சற்று நேரத்தில் கோல் வளைந்தது, சுழலி அலறியது. கீத் சுக்கானைப் பிடித்துக்கொண்டு, முன்பு சொன்ன விதியை மறுபடி உரக்கச் சொன்னார். தில்லையம்பலம் கதிரையின் பின்னால் நின்று, கைகளை முதுகுக்குப் பின்னே கட்டிக்கொண்டார்.

"விடும்… விடும்… இப்ப சுத்தும்."

"வாயை வைச்சுக்கொண்டு சும்மா இருங்கோ."

"வாயாலை தொடக்கூடாதெண்டு அவன் சொல்லேல்லையே."

"தண்ணி ஊத்துங்கோ."

ஊற்றினார். பாதி அவர் காலில் போட்டிருந்த சப்பாத்தில் விழுந்தது.

"கை விறைக்குது," என்றார் குணவதி.

"அப்ப நான்…"

"விறைக்குது எண்டுதான் சொன்னனான். தாறன் எண்டு சொல்லேல்லை."

வெகுநேரத்தின் பின் மீன் மேலே வந்து ஒருமுறை புரண்டது. மஞ்சள் துடுப்புள்ள பெரிய சூரை. படகைக் கண்டதும் அது நேரே கீழிறங்கிப் படகுக்கு அடியில் ஓடியது. அதே கணம் ஓர் அலை பக்கவாட்டில் அடித்தது. குணவதியின் இடக்கை வழுக்க, கோல் விளிம்பை நோக்கிப் பாய்ந்தது. தில்லையம்பலத்தின் கைகள் இரண்டும் முதுகை விட்டு முன்னே வந்தன.

6.

முடிவு ஒன்று. நிலவறையில் குணவதி சொன்னது: "அவர் பிடிச்சிருக்காட்டி, ரீச்சர், கோலும் நானும் கடலுக்கை. அது ரண்டு பேற்றையும் மீன்."

முடிவு இரண்டு. காருக்குள் தில்லையம்பலம் சொன்னது: "நான் தொடேல்லை. நுனி விரலும் படேல்லை. முழுக்க அவவின்ரை மீன். ஆரும் கேட்டால் அப்பிடியே சொல்லுங்கோ."

சூரை படகேறியது என்பதில் இருவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. தமக்கே வேண்டுமென்று விரும்பியவர் பாதியைக் கொடுக்கிறார்; எதையும் கைவிட்டறியாதவர் முழுவதையும் கொடுக்கிறார். இருவரில் ஒருவர் பொய் சொல்கிறார் என்பது தெளிவு. அதை அன்பினால் சொல்கிறார் என்பதும் தெளிவு. ஆனால் அதனால் எனக்கு ஒரு பயனும் இல்லை.

முடிவு மூன்று: கீத்தைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்பது. [அவர் சுக்கானைப் பிடித்துக்கொண்டிருந்தார் என்று நானே எழுதிவிட்டேன். அவ்வழி அடைபட்டது.]

7.

ஆகவே இருவரையும் தேநீருக்கு அழைத்து, என் மேசைக்கு எதிரே பக்கத்துப் பக்கத்தில் இருத்தினேன். குணவதியைப் பார்த்துக் கேட்டேன். "அந்த நேரம் கோலிலை ஆரின்ரை கை இருந்தது?"

"அது, ரீச்சர், என்ன நடந்ததெண்டால்…" என்றார் தில்லையம்பலம்.

"என்னையெல்லோ கேட்டவ," என்றார் குணவதி. குரலை உயர்த்தவில்லை.

தில்லையம்பலம் வாக்கியத்தின் நடுவில் நின்றார். இத்தனை ஆண்டுப் பழக்கத்தில் நான் காணாத காட்சி அது. கோப்பையை மனைவியின் பக்கம் நகர்த்தப் போனவர், அதையும் நகர்த்தவில்லை. குணவதி தாமே எடுத்து ஒரு வாய் குடித்துவிட்டுச் சொன்னார். இடையில் இரண்டு தடவை சொல் கிடைக்காமல் தடுமாறினார். கணவரின் உதடுகள் அசைந்தன, ஒலி வரவில்லை.

பொய் சொன்னவர் எவர் என்று இப்போது எனக்குத் தெரியும். அன்றிரவே எழுதியும் பார்த்தேன். வாக்கியங்கள் ஒழுங்காக அமைந்தன, எழுவாய்க்கேற்ற பயனிலை வந்தது, முடிவு இறுகப் பூட்டியது. வாசித்தபோது அது முழுவதும் என்னுடையதாக இருந்தது, குணவதியுடையதாக இல்லை. எடுத்துவிட்டேன்.

குணவதி சொன்னதன் தொடக்கத்தை மட்டும் அவர் வாயிலிருந்து வந்தபடியே கீழே தருகிறேன். எஞ்சியது உங்களுக்கு வேண்டுமானால் நீங்களே எழுதுங்கள். எழுதுமுன் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

"அலை அடிச்சு என்ரை இடக்கை வழுக்கினது உண்மை. இவர் ரண்டு கையையும் நீட்டினதும் உண்மை. நான் திரும்பி இவற்றை முகத்தைப் பாத்தன், ரீச்சர். பாத்துப்போட்டு இவருக்குச் சொன்னன்…