கயிறு பிடிக்கும் மச்சினன்

சங்கு எடுக்க முங்குகிறவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. கடலுக்குள் இறங்குகிறவனின் கயிற்றையும் காற்றுக் குழாயையும் மேலே வள்ளத்தில் பிடித்திருப்பவன் அவனுடைய மச்சினனாக இருக்க வேண்டும். அக்காளைத் தாலியறுக்க விட எந்தத் தம்பிக்கும் மனசு வராது என்கிற கணக்கு.

இதை லிங்கராஜ் அண்ணாச்சியிடம் ரெக்சனே பெருமையாகச் சொன்னான். வெள்ளந்தி மனுஷன், வேறென்ன சொல்ல!

சின்ன நிறுவனத்தைப் பெரிய நிறுவனத்தோடு சேர்த்துவிட்டு, அரசு டெண்டர் எடுக்கப் பழக்கும் திட்டம் ஒன்று வந்திருந்தது. சகலைமாரோடு சின்ன முங்கு கம்பெனி வைத்திருந்த ரெக்சனுக்கு வாய்த்த வழிகாட்டி, பெரிய கம்பெனிக்காரர் லிங்கராஜ். துறைமுகத் தூண்களில் அப்பியிருக்கும் சிப்பியைச் சுரண்டும் வேலையை இருவரும் கூட்டாகக் கேட்பதாகப் பேச்சு. அது கிடைத்தால் ஊரான் கம்பெனிக்குக் கூலிக்கு முங்கும் பிழைப்பு ரெக்சனுக்குத் தீர்ந்துவிடும்.

"ஒன் கம்பெனிக்கு எதுடே பலம்?" என்று கேட்டார் அண்ணாச்சி.

"மச்சினன் ஃபிராங்க்ளின்தான் அண்ணாச்சி. நானும் எஞ் சகலைமாரும் பொண்ணு கட்டுனது ஒரே வீட்டுல. எல்லாருக்கும் அவன்தான் கயிறு. அவன் இல்லன்னா ஒருத்தனும் தண்ணியில இறங்க மாட்டான்."

அண்ணாச்சி தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். கூட்டாகக் கேட்கவேண்டிய டெண்டரைத் தனியாகவே போட்டு எடுத்தும்விட்டார்.

செய்தி கேட்டு ரெக்சன் துறைமுகத்துக்கு ஓடினான். சகலைமார் தண்ணீருக்குள் இருந்தார்கள். மேலே அண்ணாச்சியின் வள்ளத்தில் ஃபிராங்க்ளின் கயிறு பிடித்துக்கொண்டிருந்தான்.

"ஏலே, ஒனக்கு நான் என்னலே கொறை வச்சேன்?"

"அக்காட்ட கேளுங்க அத்தான்," என்றான் அவன், முகத்தைப் பார்க்காமல்.

ரெக்சன் நேரே வீட்டுக்கு வந்தான். மனைவி ஹில்டாவைக் கேட்டான்.

"நான்தான் போகச் சொன்னேன்," என்றாள் அவள். "மாசச் சம்பளம், இன்சூரன்ஸ். தங்கச்சிமாருக்கும் அதான் சரின்னு பட்டுச்சு. ஒங்க டெண்டரு கெடைக்கும்னு யாரு கண்டா?"

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா?"

"ஒங்ககிட்ட சொல்லவேண்டாம்னுட்டாரு அண்ணாச்சி."

அப்படியென்றால் அண்ணாச்சி அவனுக்குத் தெரியாமல் வீட்டுக்கும் வந்துபோயிருக்கிறார். ஊரான் ஏமாற்றியதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். தன் வீட்டில் எல்லோரும் கூடிப் பேசி முடித்திருக்கிறார்கள், தன்னிடம் மட்டும் மூச்சுவிடவில்லை.

"கோவப்படாதீய," என்றாள் ஹில்டா, சோற்றைப் போட்டபடி. "ஒங்களுக்கும் அங்கன ஒரு வேலை போட்டு வச்சிருக்காராம்."