ஊரறிந்த தையல்

புருஷனை விட்டு ஓடிவந்து, அக்கா வீட்டு மாடியறையில் ஒண்டிக்கொண்டு, திரைச்சீலைக் கடையில் தையல் வேலைக்குச் சேர்ந்தவள் அவள். வந்த புதிதில் பொழுது போகாமல் பெரிய கம்பெனியின் சமூக வலைத்தளத்தில் வேறு பெயரில் கணக்குத் தொடங்கினாள். கைப்பேசி எண்ணை வைத்து மோப்பம் பிடித்ததோ என்னவோ, ‘இவரை உங்களுக்குத் தெரிந்திருக்கலாம்’ என்று அவளை நாத்தனாருக்கே காட்டிக்கொடுத்துவிட்டது அது. நாத்தனார் நல்லவள். தன் அண்ணன் காதில் போடாமல் இவளை எச்சரித்தாள். அன்றே இவள் கணக்கை மூடினாள்.

அதன்பிறகு கிடைத்த புகலிடம்தான் ரேடியோ அண்ணன் நடத்திய தளம். ரேடியோ பழுதுபார்க்கும் தன் கடையில், ஒரு பழைய கணினியில், கைவேலைக்காரர்களுக்காக அதை நடத்திவந்தார். விளம்பரம் இல்லை. தெரிந்தவர் சொன்னால்தான் ஆளைச் சேர்ப்பார். அவள் தைத்ததைப் படமெடுத்துப் போடுவாள்; நாலு பேர் நன்றாயிருக்கிறது என்பார்கள். அந்த நாலு வார்த்தையில்தான் அவளுக்கு மூச்சு திரும்பியது.

ஒருநாள் செய்தித்தாளில், பெரிய தளத்துக்குப் போட்டியாகக் குட்டித் தளங்கள் கிளம்பிவிட்டன என்று அண்ணனின் பேட்டி வந்தது. அவருக்குத் தலைகால் புரியவில்லை. யார் வேண்டுமானாலும் சேரலாம் என்று கதவைத் திறந்துவிட்டார். ஊரிலுள்ள மற்ற குட்டித் தளங்களோடெல்லாம் இணைப்புக் கொடுத்தார். இங்கே போடுவது இனி அங்கேயும் போய்ச் சேரும். கூட்டம் திருவிழா போல நெரிந்தது. அவள் அவர் கடைக்கே போனாள்.

“நாம எதுக்குண்ணா அவங்களோட போட்டி போடணும்?” என்று கேட்டாள்.

“வளர்ந்து காட்டினாத்தாம்மா மதிப்பாங்க. இல்லன்னா கிணத்துத் தவளதான்” என்றார்.

கிணறே போதும் என்று சொல்ல நினைத்தாள். மனிதரின் சந்தோஷத்தைக் கெடுப்பானேன் என்று கிளம்பிவிட்டாள்.

அடுத்த வாரம், சாப்பாட்டு இடைவேளையில் கைப்பேசியைப் பார்த்தாள். அவள் போட்டிருந்த திரைச்சீலைப் படத்தின் கீழே, பெயரும் முகமும் இல்லாத யாரோ எழுதியிருந்தார்கள்: ‘இந்த மூலை மடிப்பு எனக்கு நல்லாத் தெரியும். எந்தக் கடை?’

எழுதியது புருஷன்தான். அவனும் தையல்காரன். ஒரே மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து தைத்தவர்கள். அந்த மடிப்பை அவள் மடிக்கும் விதம் உலகத்தில் அவன் ஒருவனுக்குத்தான் தெரியும். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். சீலைக்குப் பின்னால் ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே எதிர் மருந்துக்கடையின் பலகை, ஊர்ப்பெயரோடு, எழுத்து எழுத்தாக.

படத்தை அழித்துவிட்டு அக்காவோடு அண்ணன் கடைக்கு ஓடினாள். விஷயத்தைக் கேட்டதும் அவர் கணினிமுன் உட்கார்ந்தார். படம் இங்கிருந்து போய்விட்டது, ஆனால் மற்ற தளங்களில் நகல் கிடக்கும், அழிக்கச் சொல்லிக் கேட்கலாம், அழிப்பது அவரவர் இஷ்டம் என்றார். அவர் திறந்து பார்த்தபோது இரண்டு தளங்களில் அந்தப் படம் அப்படியே இருந்தது.

“அவங்கள ஜெயிக்கணும்னு நெனச்சேனே தவிர, உள்ள யாரு இருக்காங்கன்னு நெனக்கலியேம்மா” என்றார். அக்கா அவரை ஒரு பார்வை பார்த்தாள்.

மறுநாளும் அதற்கடுத்த நாளும் ஒன்றும் நடக்கவில்லை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று அக்கா தேற்றினாள். மூன்றாம் நாள், வெட்டுமேசை அறையில் துணியை விரித்துக்கொண்டிருந்தபோது, முன்கடையில் அவன் குரல் கேட்டது. பணிவான குரல். திரைச்சீலை தைப்பது யார், கைவேலை பிரமாதம், பார்த்துப் பேசலாமா என்று கேட்டது. அந்தப் பணிவு எதில் முடியும் என்று அவள் உடம்பு அறியும். துணிச் சுருள்களுக்கு நடுவே குந்தி, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

“வெளிய குடுத்துத் தைக்கிறோம். இங்க யாரும் இல்ல” என்றாள், அக்கா முன்பே எல்லாம் சொல்லிவைத்திருந்த கடைக்கார அம்மா, நிமிர்ந்துகூடப் பார்க்காமல்.

அவன் சிரித்தான். “சரிங்க. எதிர்லதான் இருப்பேன்” என்றான்.

கடைக்கார அம்மா பின்வாசலைத் திறந்துவிட்டாள். கைப்பேசியில் கூப்பிட்டதும் அக்கா பையோடு வந்தாள். இருவரும் எந்த ஊர்ப் பேருந்து முதலில் கிளம்புகிறதோ அதில் ஏறினார்கள். ஒவ்வொரு நிறுத்தத்திலும் அவள் தலை நிமிராமல், ஏறுகிறவர்களின் கால்களை மட்டும் பார்த்துக்கொண்டு வந்தாள்.

வழியில் அண்ணனிடமிருந்து செய்தி வந்தது. கதவை மூடிவிட்டாராம், இணைப்புகளையும் அறுத்துவிட்டாராம். இனிப் பழைய ஆட்கள் முப்பது பேர் மட்டும்தானாம். திரும்பி வரச் சொன்னார்.

‘இப்ப வேண்டாம்ணா’ என்று எழுதிவிட்டு, கைப்பேசியை அணைத்து அக்காவிடம் கொடுத்தாள்.