பாதியில் கைமாறிய வாக்கியங்கள்

ஒரு குழு உருவாக்கிக்கொண்டிருந்த கணினி மொழி ஒரு புதிய புராசசரில் ஓடி, தனக்கு வெளியே இருந்த ஒரு நிரலை முதன்முறையாகக் கூப்பிட்டு வேலை வாங்கிய பிற்பகலில், பேச்சின் நடுவே எழுந்துபோனவர்கள் எல்லோரும் இன்னொருவருடைய மீதி வாக்கியத்தோடு திரும்பி வந்தார்கள். எதற்கும் 'ஆகட்டும்' என்றே சொல்வதால் ஆகட்டும் சார் என்று பெயர் வாங்கிய குழுத் தலைவர், நோயாளி மனைவியிடம் போனில், "மாத்திரையை வெறும் வயித்துல..." என்று சொல்லிக்கொண்டிருந்தபோது கூரியர்காரர் கதவைத் தட்டினார். கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தவர், "...எத்தனை வாட்டி சொல்றது, லிஃப்ட் கதவு மூடவே மாட்டேங்குது, ஆள் அனுப்புறீங்களா இல்லையா" என்றார். அதே நேரம் கீழே லிஃப்ட் கம்பெனியிடம் போனில் இரைந்துகொண்டிருந்த வாயிற்காவலர், ஒரு காருக்குக் கேட்டைத் திறந்துவிட்டு வந்து, "...போடாதேம்மா, ரெண்டு வாய் சாப்பிட்டுட்டுப் போடு" என்றார். எதிர்முனையில் இருந்த பெண், சரிங்க என்று வைத்துவிட்டாள். மறுநாளே ஆள் வந்து லிஃப்ட் சரியாகிவிட்டதால், யாரும் புகார் செய்யவில்லை.

காரணம் பாலத்துக்கு மட்டும் தெரியும். மொழிக்கும் வெளி நிரல்களுக்கும் நடுவே வழி போடுவது அவள் வேலை. இரண்டு பக்கத்தாரும் மிதித்துக்கொண்டு போவதால் அலுவலகத்தில் அவளுக்குப் பாலம் என்று பேர். ஒரு நிரல் இன்னொன்றைக் கூப்பிட்டால், கூப்பிட்டவர் பாதியில் வைத்திருந்ததை வந்தவர் பத்திரமாக ஓரம் எடுத்து வைத்து, வேலை முடிந்ததும் இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போக வேண்டும். புராசசருக்குள் இருக்கும் சின்னச் சின்ன அறைகளில் எவற்றை அப்படிக் காப்பது என்பது புராசசருக்குப் புராசசர் வேறு வழக்கம். பழையதிலேயே வருஷக்கணக்காகப் புழங்கிய பாலம், பிறந்த வீட்டில் டப்பா அடுக்கிய மாதிரியே புகுந்த வீட்டிலும் அடுக்கிவிட்டாள். காக்க வேண்டியதைக் காக்காமல் விட்டது புராசசரோடு நிற்காமல் ஊருக்குள்ளும் கலந்துவிட்டது. திருத்த ஒரு முற்பகல் போதும்.

அன்றே திருத்தியிருப்பாள். ஆனால் புதிய புராசசர் பொருத்திய போர்டு ஒன்றே ஒன்றுதான் இருந்தது என்பதால், மீதி வேலையைப் பார்க்க அதையே வீட்டுக்கு எடுத்துப் போய் ஃப்ரிட்ஜ் பக்கத்தில் வைத்து ஓட்டினாள். அவள் கணவர் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். 'இது தெரியுதா, இப்ப தெரியுதா' என்று பகலெல்லாம் கேட்டுக் கேட்டு, வீடு வந்து சேர்வதற்குள் அவருக்குப் பேச்சு தீர்ந்துபோயிருக்கும். அன்று, "எங்க என்..." என்று ஆரம்பித்தார், தண்ணீர் கேன்காரர் மணியடித்தார், போய்விட்டு வந்து, "...கை என்ன இப்படி சில்லுனு இருக்கு, செத்த உட்காரேன், மீதிய நான் பாத்துக்கறேன்" என்றார். வேறு யாராவது உள்ளே வந்துவிட்டார்களா என்று பாலம் அவருக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். அவரும் திரும்பிப் பார்த்தார். பிறகு, வாய்விட்டுச் சொல்லியாகிவிட்டதே என்று, பாத்திரங்களைக் கழுவினார்.

பாலம் திருத்தவில்லை. "பாத்துக்கிட்டே இருக்கேன் சார், பிடிபடல" என்றாள். தலைவர் ஆகட்டும் என்றார். மாதங்கள் போயின. ஊர் பழகிக்கொண்டது. ஒரு வழக்கறிஞர் வாதத்தின் நடுவே வெளியே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து, காதோரம் கொஞ்சம் குறைத்தால் போதும் என்று நீதிபதியிடம் சொன்னார், அபராதம் குறைந்தது. தலைமை அலுவலகம் மட்டும் பழகவில்லை. அடுத்த வெளியீட்டுக்குள் பிழையைத் திருத்தாவிட்டால் குழுவைக் கலைத்துவிடுவதாகச் சொன்னது. அதற்கும் பாலம் அசையவில்லை. குழு போனால் வேறு குழு. இது போனால் வேறு எங்கே கிடைக்கும்.

பிறகு ஆகட்டும் சாரின் மனைவி போன் செய்தார்.

"ஏம்மா, நீ அவர் கூடவே வேலை பாக்கறே, உனக்குத் தெரியும். இத்தனை வருஷத்துல என்னைக் கேக்காம ஒரு வாய் சாப்பிட்டதில்ல மனுஷன். இப்ப பாதிப் பேச்சுல எழுந்து போயிட்டு வந்து, எங்க என் சாக்ஸுங்கறாரு. நானும் ரொம்ப நாள் படுத்துட்டேன். அலுத்துப்போச்சோ என்னமோ."

"அலுப்பெல்லாம் இல்லம்மா. அது அவர் சாக்ஸ் இல்ல."

"பின்ன?"

"எங்க வீட்டுக்காரரோடது."

"அப்போ என்னோடது உங்க வீட்லயா இருக்கு?"

"ஆமாங்க."

"நல்லா இருக்கா?"

"ரொம்ப."

"இருக்கும், இருக்கும். குடுத்துடும்மா."

மறுநாள் முற்பகலில் பாலம் காக்க வேண்டிய அறைகளைக் காத்தாள். சோதனைகள் எல்லாம் தேறின. குழு தப்பியது. ஆகட்டும் சாருக்குப் பதவி உயர்வு வந்தது, பாலத்துக்கு நிறுவனத்தின் பெயர் பொறித்த ஒரு தண்ணீர் பாட்டில் வந்தது. அன்று மாலை கணவர், "எங்க என்..." என்று ஆரம்பித்து, மணியடித்தவரைப் பார்த்து அனுப்பிவிட்டு வந்து, "...பெல்ட்" என்றார். எடுத்துக் கொடுத்தாள். அவர் அதைப் போட்டுக்கொள்ளாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

"அது போயிடுச்சா?"

"சரி பண்ணிட்டேங்க. அது வேற ஒருத்தரோடது."

"சொல்றதுக்கு நல்லாத்தான் இருந்துச்சு."

கல்யாணத்துக்குப் பிறகு அவர் சொந்தமாக முடித்த வாக்கியங்களில் அதுவே நீளமானது. ஆனால் அவர் அதோடு நிறுத்தவில்லை. "பழசை ஓட்ட முடியாதா? யாரோடதாவது வரட்டும்."

ஞாயிறு மத்தியானங்களில் ஆகட்டும் சாரின் மனைவி தூங்குவார் என்று பாலம் விசாரித்துத் தெரிந்துகொண்டாள். அந்த நேரத்தில் மட்டும், ஃப்ரிட்ஜ் பக்கத்துப் போர்டில், திருத்தாத பழைய நிரலை எடுத்து ஓட்டுவாள். கணவர் ஒரு பேச்சை ஆரம்பித்து, பாதியில் எழுந்துபோய், யாரும் இல்லாத வாசலைத் திறந்து பார்த்துவிட்டு வருவார். எது வாயில் வந்தாலும் முடித்துவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வார். "...தோள்ல கொஞ்சம் இறக்கணும், அடுத்த வாரம் வாங்க" என்றால், "சரி, வரேன்" என்பாள்.